மடியில் தொடங்கும் வாசிப்பு: ரங்கூன் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு எட்டு, ஒன்பது வயது ஆகியிருக்கும். தமிழில் மடமடவென்று பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கதை அளப்பார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். அவர்களுடைய அம்மாக்களில் பலரும் அப்படித்தான். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, பர்மாவில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கோயில் மண்டபங்களிலும் வீடுகளிலும்தான் பிழைத்து வந்திருக்கிறது. எட்டு வயதில் பிள்ளை வகுப்புக்கு வரும்போது பர்மியப் பள்ளிப் பாடமும் டியூஷனும் அதன் நாளை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருக்கும். தமிழுக்கு மிஞ்சுவது களைத்துப்போன ஒரு மணி நேரம்.

அதனால்தான் இளம் தாய்மார்கள், அந்த வகுப்பை எடுக்கும் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, கைக்குழந்தையிலேயே தொடங்க முடியாதா?" முடியும். பிறந்த நாளிலேயே தொடங்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் காதுக்கு ஊட்ட வேண்டும். தமிழ் எழுத்தின் அமைப்பே அதைத்தான் கேட்கிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அட்டைகளைப் பற்றி

என் மூத்த மகளுக்கு ஒன்றரை வயதில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒரு கட்டு வாசிப்பு அட்டைகள் கொடுத்தார். தினமும் மூன்று வேளை காட்டினேன். இரண்டு மாதத்தில் "யானை" என்ற அட்டையை நீட்டினால் யானை என்று சொன்னாள். வீடே கொண்டாடியது. ஒரு நாள் அதே சொல்லை வேறு தாளில் எழுதிக் காட்டினேன், வெறுமனே பார்த்தாள். பழைய அட்டையின் மூலையில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அவள் படித்தது அந்தக் கறையை.

இது என் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. 1960களில் அமெரிக்காவின் கிளென் டோமன் பெரிய சிவப்பு எழுத்து அட்டைகளைக் குழந்தைக்கு வேகமாகக் காட்டும் முறையைப் பரப்பினார். பிறகு அதே ஆசையை வைத்து வீடியோக்கள் விற்பனைக்கு வந்தன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சூசன் நியூமன் குழுவினர் 9 முதல் 18 மாதம் வரையான 117 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதம் அந்தப் பயிற்சியைப் பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்கும் இடையே, எழுத்தறிவதிலும் சொல்லறிவதிலும் வாசிப்பதிலும் வேறுபாடு இல்லை. வேறுபட்டது ஒன்றுதான்: தங்கள் குழந்தை படிக்கிறது என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நானும் இரண்டு மாதம் சுமந்தேன். நீங்கள் அதற்காக ஒரு சாட் காசும் செலவிட வேண்டாம்.

முதல் படி: பிறந்தது முதல் ஐந்து மாதம் வரை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தார்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினொன்றாம் மாதம் முத்தம் என்று அந்தக் கணக்கு போகும். குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்பதைத் தொட்டிலருகே உட்கார்ந்து பார்த்தவர்கள் வகுத்தது அது. நானும் அதே வரிசையில் போகிறேன்.

பிறந்த குழந்தையின் கண் ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில்தான் தெளிவாகப் பார்க்கும். மடியில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் அதுதான். காதோ கருவிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய் திரும்பத் திரும்ப உரக்க வாசித்த பகுதியைப் பிறந்த குழந்தை அடையாளம் கண்டு விரும்புகிறது என்று 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். வளைகாப்புக்கு வருகிறவர்களிடம் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பதில் ஒரு தமிழ்ப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். இந்த ஊரில் அது வெள்ளியை விட அரிது.

என்ன வாசிப்பது என்று கவலைப்பட வேண்டாம். பழைய வார இதழ், கோயில் திருவிழா அழைப்பு, தினசரி நாட்காட்டியின் பின்பக்கம், ஊரிலிருந்து வந்த கடிதம் எதுவானாலும் சரி. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். வார்த்தையை இழுத்து, ஏற்றி இறக்கி, முகத்தைப் பார்த்து வாசியுங்கள். தாலாட்டு தெரிந்த அப்பத்தா வீட்டில் இருந்தால், அவர்களுடைய பாட்டுதான் குழந்தையின் முதல் பாடநூல். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதற்காக யாரும் அவர்களை ஒதுங்கியிருக்கச் சொல்லக் கூடாது.

இரண்டாம் படி: செங்கீரையிலிருந்து சப்பாணி வரை

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை ஆட்டும் பருவம் செங்கீரை. இப்போது குழந்தை புத்தகத்தைப் பிடுங்கும், கசக்கும், வாயில் வைக்கும். வைக்கட்டும். புத்தகத்தைச் சுவைத்துப் பார்க்கும் குழந்தை அதோடு நட்பாகிறது.

கடைகளில் இந்த வயதுக்கான தமிழ்ப் புத்தகம் கிடைப்பது கடினம். நாமே செய்யலாம். பழைய பருத்தி லுங்கியைத் துவைத்து, உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவில் ஆறு துண்டுகள் வெட்டுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால் மூன்று தடித்த இலைகள், ஆறு பக்கங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு படம்: பூ, மரம், படகு, காகம், மணி, பழம். வேறு நிறத் துணியில் வெட்டித் தையுங்கள், ஒட்டாதீர்கள். படத்தின் கீழே சொல்லை இரண்டு விரல் உயரத்தில் கருப்பு நூலால் தையுங்கள். அதைக் குழந்தை இப்போது படிக்காது. உங்கள் விரல் அந்தச் சொல்லின் கீழே இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்க்கும், அது போதும். பொத்தான், மணி, ஊசி, உலோகப் பின் எதுவும் புத்தகத்தில் இருக்கக் கூடாது. கழன்றால் தொண்டைக்குள் போய்விடும்.

அட்டையில் செய்ய விரும்பினால் மூலைகளை வளைத்து வெட்டி, இருபுறமும் அகலமான ஒளிபுகும் டேப்பால் மூடிவிடுங்கள். நம் ஊரில் மே மாதத்தில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. மூடாத அட்டையில் ஆடி மாதத்துக்குள் பூஞ்சை பூத்துவிடும்.

ஒன்பதாம் மாதம் சப்பாணி கொட்டும் பருவம். இதை நழுவவிடாதீர்கள். "அம்-மா", "மா-டு", "தாத்-தா" என்று அசைக்கு ஒரு கைத்தட்டு. சொல் துண்டுகளால் ஆனது என்று உள்ளங்கை அறிந்துகொண்டால், நான்கு வயதில் எழுத்துக் கூட்டும்போது அந்த அறிவு துணைக்கு வரும்.

கைபேசி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் போதவில்லை என்று தமிழ்க் கார்ட்டூனைப் போட்டுவிடும் வீடுகள் நிறைய. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார். நேரில் ஒருவர் விளையாடிப் பேசிய பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையில் கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதற்கு மேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. தூரத்து அத்தையோடும் சித்தியோடும் வீடியோ அழைப்பில் பேசுவதை நான் இதில் சேர்க்க மாட்டேன். அங்கே எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார், பதில் சொல்கிறார்.

மூன்றாம் படி: ஒரு வயது முதல் இரண்டரை வரை

இப்போது வாசிப்பு இருவர் வேலையாகிறது. குழந்தை விரலால் சுட்டும். நீங்கள் பெயர் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்: "காகம் எங்கே?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்கள் செய்யும் பெரிய பிழை இரண்டு எண்ணுவதற்குள் தாமே பதில் சொல்லிவிடுவது. குழந்தை "கா" என்று சொன்னால், "ஆமாம், கருப்புக் காகம், வடை தேடுகிறது" என்று அதை நீட்டித் திருப்பிக் கொடுங்கள். பர்மியச் சொல்லால் பதில் சொன்னால் திருத்த வேண்டாம். "ஆமாம், அதுதான் காகம்" என்று தமிழ்ச் சொல்லை அருகில் வைத்துவிட்டு மேலே போங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு கெடாது. ஒரு குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

தமிழ் வீடுகளுக்கென்றே உரிய ஒரு சிக்கல் இங்கே வருகிறது. நாம் பேசும் தமிழ் வேறு, அச்சில் இருக்கும் தமிழ் வேறு. "வந்தார்கள்", "சொல்கிறேன்" என்றெல்லாம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எட்டு வயதில் வரும் பிள்ளைகள் எழுத்துகளைச் சரியாகக் கூட்டியும் பொருள் புரியாமல் விழிப்பதற்கு இதுதான் காரணம். கூட்டிய சொல்லை அவர்கள் காதால் கேட்டதே இல்லை. மருந்து எளிது. ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். பிறகு அதையே உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். ஒரே கதையை முப்பது முறை கேட்டாலும் சலிக்காத வயது இது. முப்பது முறை கேட்ட எழுத்துத் தமிழ் அந்நியமாக இருக்காது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

நான்காம் படி: சுற்றியிருக்கும் எழுத்து

இரண்டரை வயதுக்குப் பிறகு எழுத்து என்று ஒன்று இருப்பதைக் காட்டலாம், கற்பிக்க வேண்டாம். கோயில் வாசல் பலகை, நாட்காட்டி, கல்யாணப் பத்திரிகை, மசாலாப் பொட்டலம். "இதில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா?" என்று கேட்டு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். தெருவெங்கும் பர்மிய எழுத்து இருக்கும்போது, தமிழ் எழுத்துக்கும் உலகில் வேலை உண்டு என்று குழந்தை பார்க்க வேண்டும். குழந்தையின் பெயரைப் பெரிதாக எழுதி அதன் தட்டு வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். பெரும்பாலான குழந்தைகள் முதலில் அடையாளம் காண்பது தன் பெயரின் முதல் எழுத்தைத்தான்.

ஐந்தாம் படி: எழுத்துகள்

மூன்று வயதைத் தாண்டி, குழந்தையே "இது என்ன எழுத்து?" என்று கேட்கத் தொடங்கும்போது இங்கே வாருங்கள். சில குழந்தைகள் மூன்றில் கேட்கும், சில நான்கரையில். முந்திக் கேட்டது கெட்டிக்காரத்தனமும் அல்ல, பிந்திக் கேட்டது மந்தமும் அல்ல.

விஜயதசமியன்று பச்சரிசியில் "அ" எழுதும் சடங்கை விரும்பியபடி செய்யுங்கள். வாசிப்பை மட்டும் "அ"விலிருந்து தொடங்க வேண்டாம். 247 எழுத்து என்ற எண்ணும் உங்களை அச்சுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை அந்த மெய்களோடு சில குறிகள் சேர்ந்தவைதான்.

நான் போகும் வரிசை இது. முதலில் ட, ப, ம, புள்ளி. நேர்கோடும் எளிய வளைவும் கொண்ட எழுத்துகள்; உடனே படம், பட்டம் என்று சொல் கிடைக்கிறது. அடுத்து ர, க, ல, ழ: மரம், பக்கம், பழம். ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்துக்கு மேல் வேண்டாம். இவை கைவந்த பிறகு துணைக்காலை அறிமுகப்படுத்துங்கள். படம் பாடம் ஆகிறது, பலம் பாலம் ஆகிறது, கலம் காலம் ஆகிறது. ஒரு கால் முளைத்ததும் ஒலி நீள்வதைக் காணும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் வகுப்பு எடுக்கிறேன். பிறகு மேல்விலங்கு: படி, கிளி, மணி. உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை; அவற்றைப் பட்டியலாக ஒப்பிக்காமல் பசு, ஆடு, பூ என்று சொல்லோடு சேர்த்துக் கொடுங்கள். கொம்புகள் கடைசியில் வரட்டும். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்பது சிறு பிள்ளைக்குப் பெரிய புதிர்.

எழுத்தின் பெயராக ஒலியையே சொல்லுங்கள்: "ப", அவ்வளவுதான். "பானா" என்று சொல்லிக்கொடுத்தால், "பானா டானா" எப்படிப் "பட" ஆகும் என்று குழந்தை திகைக்கும்.

தொடக்கத்தில் சொன்ன காரணம் இப்போது விளங்கும். "காகம்" என்ற சொல்லில் இரண்டு ககரங்கள்; முதலாவது வல்லென ஒலிக்கிறது, இரண்டாவது மெல்லென. "பாம்பு"வில் இரண்டு பகரங்களும் அப்படியே. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைத் தமிழ் எழுத்து தனியாகக் காட்டுவதில்லை. சொல்லை முன்பே அறிந்த காதுதான் சொல்லும். பர்மிய எழுத்தில் க வரிசையில் மட்டும் நான்கு தனி எழுத்துகள் இருக்கின்றன. அதை முதலில் கற்ற பிள்ளை தமிழிலும் எழுத்துக்கு ஓர் ஒலி என்று எதிர்பார்த்துத் தடுமாறுகிறது. மூன்று ஆண்டுகள் மடியில் கேட்டு வளர்ந்த பிள்ளை காகத்தைக் காகம் என்றே வாசிக்கும். விளக்கம் தேவைப்படாது.

இரண்டு எழுத்து முறைகள் மோதிக்கொள்ளுமே என்று அஞ்ச வேண்டாம். இரண்டும் பிராமியின் பிள்ளைகள். பர்மிய "ப"வைப் பாருங்கள்: நம் "ப"வின் மூலைகளை உருட்டிவிட்டது போல, மேல்புறம் திறந்த கிண்ணம். இரண்டு "ய"க்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று பார்த்ததும் தெரியும். பர்மியர் தங்கள் எழுத்துகளைப் பெரிய க, மல்லாந்த ய, வட்ட வ என்று வடிவத்தால் அழைப்பார்கள். நமக்கும் அந்த வழக்கம் உண்டு: கால், கொம்பு, விலங்கு, மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. இரண்டு பக்கப் பெயர்களையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வடிவத்தை உற்றுப் பார்க்கும் கண் அதற்கு வரும். கவிழ்த்தும் திருப்பியும் எழுதினால் பதற வேண்டாம். ஆறு, ஏழு வயது வரை அது இயல்பு.

புத்தக அலமாரியிலும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான, தாத்தா காலத்துப் புத்தகங்களில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அந்தப் புத்தகங்களைப் போற்றி வையுங்கள், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை தானே கூட்டிப் படிப்பதற்குப் புதிய அச்சையே கொடுங்கள்.

எழுதுவதற்கு அவசரம் இல்லை

கை பழகும் முன்பே கண் பழகிவிடும். பென்சிலைத் திணித்தால் விரல் வலியோடு எழுத்தும் வெறுத்துப்போகும். காலையில் தனகா மரப்பட்டை அரைத்ததும் கல்லில் கொஞ்சம் குழைவு மிஞ்சுமே, அதில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு "ப" போடுங்கள். கன்னத்துக்குப் பூசும் முன் கல்லில் ஓர் எழுத்து என்று என் இளைய மகனுக்கு வழக்கமாக்கினேன். அரிசி மாவு, ஈர மணல் எல்லாமும் சரி. மாலையில் மின்சாரம் போய்விட்டால் பிள்ளையின் முதுகில் விரலால் எழுத்தை வரைந்து என்னவென்று கேளுங்கள். விளக்கில்லாத நேரத்திலும் எழுத்து நடக்கும், கூச்சச் சிரிப்பும் சேர்ந்து வரும்.

எப்போது நிறுத்த வேண்டும்

முகத்தைத் திருப்பினால், உடம்பை வளைத்தால், புத்தகத்தை எறிந்தால் அந்த நொடியே மூடிவையுங்கள். விருந்தாளி முன்னால் "படித்துக் காட்டு" என்று நிறுத்தாதீர்கள். தெரிந்த எழுத்தையும் பிள்ளை மறந்துவிடும், அந்த வெட்கத்தை மறக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் வாசிப்பு நேரத்தில் உங்கள் வாயில் வரவே கூடாது.

ஒன்றில் மட்டும் பொறுமை காக்காதீர்கள். ஒரு வயதில் மழலையே பேசாவிட்டாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலும், பதினாறு மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வராவிட்டாலும், மருத்துவரிடம் காட்டிக் காது கேட்பதைச் சோதியுங்கள். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று உறவினர் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனாலும் காட்டுங்கள்.

பள்ளிக்குப் போன பிறகு

ஐந்து வயதில் பர்மியப் பள்ளி தொடங்கும்போது பல வீடுகள் தமிழை நிறுத்திவிடுகின்றன, "முதலில் அது படியட்டும்" என்று. அந்த இடைவெளி சில மாதங்கள் என்று நினைப்பார்கள். எட்டு வயது ஆகிவிடும். இரவில் படுக்கும் முன் பத்து நிமிடத்தை மட்டும் விடாமல் வைத்திருங்கள். பிள்ளை இரண்டு வரி வாசிக்கட்டும், மீதிப் பக்கத்தை நீங்கள் வாசியுங்கள். தானே படிக்கத் தெரிந்த பிறகும் உரக்க வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். பிள்ளை கூட்டிப் படிக்கக்கூடிய கதையை விட, கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கதை எப்போதும் பெரியது.

புத்தகம் தீர்ந்துபோகும், நிச்சயமாகத் தீர்ந்துபோகும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யார் வந்தாலும் இரண்டு புத்தகம் அந்தப் பெட்டிக்கு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியில் இப்போது நாற்பத்து மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்பது, லுங்கித் துணியில் நாங்களே தைத்தவை.